'சற்று வந்து போங்கள்' என்றால்...

ஏரியில் அளவுக்கு மீறி மண் அள்ளப்படுவதைத் தட்டிக் கேட்டவர், கல் குவாரிக்கு எதிராக ஆட்சியரிடம் மனு அளித்தவர், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஊராட்சிக் கணக்கைக் கேட்டவர், ஆர்ப்பாட்டத்துக்கு ஆள் திரட்டியவர் ஆகியோரில் பலருக்கும் பழகிப்போன தொலைபேசி அழைப்பு ஒன்று உண்டு. "ஒன்றுமில்லை, சின்ன விசாரணைதான். ஐயா பார்க்க வேண்டும் என்கிறார். சற்று வந்து போங்கள்" என்பதே அது. என்ன வழக்கு, எந்தச் சட்டப் பிரிவு, அழைக்கப்படுபவர் சாட்சியா அல்லது சந்தேகத்துக்குரியவரா என்பன எவையும் அதில் இருப்பதில்லை.

இத்தகைய அழைப்புக்கு அஞ்சி உடனே ஓடுவோரும் உண்டு; அலட்சியப்படுத்தித் தலைமறைவாவோரும் உண்டு. இரண்டுமே ஆபத்தானவை. இவற்றுக்கு இடையே சட்டம் வகுத்துத் தந்திருக்கும் நேர்வழியை ஒவ்வொரு சமூக ஆர்வலரும் அறிந்திருக்க வேண்டும்.

வாய்மொழி அழைப்பின் ஆபத்துக்கு உதாரணமாக 1994-இல் உச்சநீதிமன்றத்துக்கு வந்த ஜோகிந்தர் குமார் வழக்கைச் சொல்லலாம். உத்தர பிரதேசத்தைச் சேர்ந்த இளம் வழக்குரைஞரான அவர், சில விசாரணைகளுக்காக காஜியாபாத் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு அழைக்கப்பட்டார். ஒரு கட்டத்தில் அவர் இருக்குமிடமே குடும்பத்தினருக்குத் தெரியாமல் போனது. அவர் காவலில் வைக்கப்படவில்லை, விசாரணைக்கு ஒத்துழைத்தார் என்பதே காவல் துறை நீதிமன்றத்தில் அளித்த விளக்கம். ஏட்டில் பதிவாகாத விசாரணையில், ஒருவர் தாமாக வந்தாரா, தடுத்து வைக்கப்பட்டாரா என்பதை நிறுவுவது எளிதல்ல. கைது செய்யும் அதிகாரம் இருக்கிறது என்பதாலேயே ஒருவரைக் கைது செய்துவிடக் கூடாது என்றும், கைதானவரைப் பற்றி அவருக்கு வேண்டியவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அவ்வழக்கில் உச்சநீதிமன்றம் வரையறுத்தது.

தமிழகத்திலும் இது பழைய கதையாகிவிடவில்லை. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில், நகைத் திருட்டுப் புகார் தொடர்பாக விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்ட கோயில் காவலாளி ஒருவர் காவலர்களின் பிடியில் உயிரிழந்தார். காவலர்கள் கைதாயினர், வழக்கு சிபிஐக்கு மாற்றப்பட்டது. போன உயிர் திரும்பவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. ஒருவரை விசாரணைக்கு வரவழைக்க அச்சட்டத்தில் முக்கியமாக இரு வழிகள் உள்ளன. வழக்கின் விவரம் அறிந்தவர் என்ற முறையில் ஒருவரை அழைப்பதற்கு 179-ஆவது பிரிவின்கீழ் எழுத்துபூர்வ ஆணை வேண்டும். அழைக்கப்படுபவர் அந்தக் காவல் நிலைய எல்லைக்குள்ளோ அதையடுத்த நிலைய எல்லைக்குள்ளோ இருப்பவராக இருக்க வேண்டும். குற்றத்தில் தொடர்புடையவர் எனச் சந்தேகிக்கப்படுபவருக்கு, உடனடிக் கைது தேவையில்லாதபோது, 35(3)-ஆவது பிரிவின்கீழ் அறிவிப்பு அளிக்க வேண்டும். அறிவிப்பை ஏற்று முன்னிலையாகி வருபவரை, காரணத்தைப் பதிவு செய்யாமல் கைது செய்ய இயலாது.

பெண்கள், 15 வயதுக்குக் குறைந்த அல்லது 60 வயதைக் கடந்த ஆண்கள், மாற்றுத் திறனாளிகள், கடும் நோயுற்றோர் ஆகியோரை 179-ஆவது பிரிவின்கீழ் அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். அவர்களாக விரும்பினாலன்றி, காவல் நிலையத்துக்கு வருமாறு கட்டாயப்படுத்த முடியாது. பழைய சட்டத்தில் 65 ஆக இருந்த வயது வரம்பு இப்போது 60 ஆகியிருக்கிறது என்பது போராட்டக் களங்களில் நிற்கும் மூத்தவர்கள் பலருக்கும் தெரியாத செய்தி.

வாட்ஸ்ஆப்பில் வரும் செய்தி போதுமா? போதாது. சட்டம் கூறும் முறையிலேயே அறிவிப்பு வழங்கப்பட வேண்டும், வாட்ஸ்ஆப் போன்ற மின்னணு வழிகள் அதற்கு மாற்றாகா என 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. வழக்கே பதிவாகாமல் புகார் மனுவின் மீது நடத்தப்படும் விசாரணைக்கும் வரையறை உண்டு. காவல் துறையினர் துன்புறுத்தக் கூடாது எனக் கோரும் மனுக்களில் சென்னை உயர்நீதிமன்றம், நாளும் நேரமும் குறிப்பிட்டு எழுத்துபூர்வமாக அழைக்க வேண்டும், விசாரணை விவரத்தை நிலைய நாட்குறிப்பில் பதிவு செய்ய வேண்டும் என்று பலமுறை உத்தரவிட்டுள்ளது.

ஆகவே, வாய்மொழி அழைப்பு வரும்போது ஆர்வலர் செய்ய வேண்டியது எளிது. அழைத்தவரின் பெயர், பதவி, காவல் நிலையம், எந்தப் புகார் அல்லது வழக்கு ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். "எழுத்துபூர்வமாக அழைப்பு அனுப்புங்கள், என் வழக்குரைஞருடன் வருகிறேன்" என்று அமைதியாகச் சொல்ல வேண்டும். அழைப்பு வந்த விவரத்தை அன்றே காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலிலோ மின்னஞ்சலிலோ தெரிவித்து, நகலை வைத்துக்கொள்வது நல்லது. முறையான அறிவிப்பு வந்துவிட்டால் புறக்கணிக்கவே கூடாது. 35-ஆவது பிரிவு அறிவிப்பை மதிக்காமல் இருப்பதே கைதுக்குக் காரணமாகிவிடும். குறித்த நாளில் செல்ல இயலாவிட்டால், காரணம் கூறி மாற்று நாளைக் கோர வேண்டும்.

விசாரணையில் எதற்கு விடையளிப்பது? இதற்கு வழிகாட்டுவது 1978-ஆம் ஆண்டின் நந்தினி சத்பதி வழக்கு. ஒடிஸா முதல்வராக இருந்த அவர், விழிப்புப் பணித் துறையினர் அளித்த கேள்விகளுக்கு விடையளிக்க மறுத்ததற்காக வழக்கைச் சந்தித்தார். குற்றம் சாட்டப்பட்ட எவரையும் தமக்கு எதிராகத் தாமே சாட்சியாகும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அரசமைப்புச் சட்டத்தின் 20(3)-ஆவது கூறு, நீதிமன்றத்தில் மட்டுமின்றி காவல் துறை விசாரணையிலும் செல்லும் என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். விசாரணையின்போது வழக்குரைஞரின் துணையைக் கோரினால் மறுக்கலாகாது என்றும், பெண்ணான அவரைக் காவல் நிலையத்துக்கு அழைத்தது சட்டத்துக்கு மாறானது என்றும் அத்தீர்ப்பு சுட்டிக்காட்டியது.

இன்றைய சட்டத்தின் 180-ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. விசாரிக்கப்படுபவர் உண்மையான விடையளிக்கக் கடமைப்பட்டவர். ஆனால், தம்மைக் குற்றச்சாட்டுக்கு உள்ளாக்கக்கூடிய கேள்விக்கு விடையளிக்கத் தேவையில்லை. இங்கே ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. அத்தகைய கேள்விக்கு மௌனம் உரிமை, பொய் உரிமையன்று. தப்பிப்பதற்காகச் சொல்லும் ஒரு பொய், இல்லாத குற்றத்தை உண்டாக்கிவிடும். விடை உறுதியாகத் தெரியாவிட்டால் 'தெரியாது' என்பதே உரிய விடை.

காவல் துறையிடம் அளிக்கும் வாக்குமூலத்தில் விசாரிக்கப்படுபவர் கையொப்பமிடத் தேவையில்லை என்கிறது 181-ஆவது பிரிவு. வெற்றுத்தாளில் கையொப்பமிடுவது எந்த நிலையிலும் கூடாது. கைப்பேசியைத் தாமாக எடுத்துக் கொடுத்துக் கடவுச்சொல்லையும் சொல்லிவிடுவது, நூற்றுக்கணக்கான தோழர்களின் பெயர்களையும் உரையாடல்களையும் ஒப்படைப்பதற்குச் சமம். அதிகாரத்துடன் பறிமுதல் செய்தால் உடல்பலத்தால் தடுக்க வேண்டாம். பறிமுதல் பட்டியலின் நகலைக் கேட்டுப் பெற வேண்டும். சோதனையையும் பறிமுதலையும் ஒலி, ஒளிப்பதிவு செய்வது இப்போது சட்டக் கடமை.

'மறைக்க ஒன்றுமில்லாதவர் ஏன் தயங்க வேண்டும்?' என்ற கேள்வி எழலாம். ஆர்ப்பாட்டத்துக்கு அனுமதி, ஊர்வலப் பாதை, கூட்டத்தின் அளவு ஆகியவை பற்றிக் காவல் துறையுடன் பேசுவது அவசியம். அதில் இருதரப்புக்கும் நன்மையுண்டு. ஆனால், தேநீர் கொடுத்து நலம் விசாரித்தபடி 'கூட்டத்துக்கு யார் பணம் கொடுத்தார்', 'அடுத்து எங்கே', 'அந்தப் பெண் யார்' என்று கேட்பது வேறு. அங்கே சொல்லப்படும் பெயருக்கு உரியவர் அந்த அறையில் இல்லை. தம்மைக் காத்துக்கொள்ளும் வாய்ப்பும் அவருக்கு இல்லை. தமக்கு அச்சமில்லை என்பவரும் பிறருக்காக நாவைக் காக்க வேண்டியிருக்கிறது.

விதிவிலக்கும் உண்டு. சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின்கீழ் நடக்கும் விசாரணையில், கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியின் எழுத்துபூர்வ ஒப்புதலுடன் தகவல் கேட்கப்பட்டால், தர மறுப்பதே தண்டனைக்குரிய குற்றம். அத்தகைய நிலையில் வழக்குரைஞரைக் கலக்காமல் ஒரு சொல்லும் பேசலாகாது. வழக்குரைஞரை அமர்த்த வசதியற்றோர் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.

விசாரணைக்குத் தனியே செல்லாதிருப்பது, செல்லும் நேரத்தையும் திரும்பிய நேரத்தையும் குறித்து வைப்பது, திரும்பியவுடன் கேட்கப்பட்டவற்றை எழுதி வைப்பது ஆகியவற்றைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். காவல் நிலையங்களில் கண்காணிப்பு கேமரா பொருத்தப்பட வேண்டும், பதிவுகள் ஓராண்டுக்குக் குறையாமல் பாதுகாக்கப்பட வேண்டும் என 2020-இல் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. நேரத்தைக் குறித்து வைத்தவரால்தான் பின்னாளில் அந்தப் பதிவைக் கேட்க முடியும். 24 மணி நேரத்துக்கு மேல் ஒருவரை நீதித்துறை நடுவர் முன் நிறுத்தாமல் வைத்திருக்க முடியாது என்பது குடும்பத்தினருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

எழுத்தில் அழைப்பைக் கேட்பது காவல் துறையை அவமதிப்பதாகாது. நேர்மையான அதிகாரிக்கு அது பாதுகாப்பு. அவருடைய விசாரணை நீதிமன்றத்தில் நிற்பதற்கும் அதுவே துணை. சட்டத்தைக் காட்டி ஊழலையும் அத்துமீறலையும் எதிர்ப்போர், தம்மை அழைக்கும்போதும் அதே சட்டத்தின் மொழியில் பேசப் பழக வேண்டும்.