வட்டி இறங்கும் காலம்

சங்கரன்கோவில் ரத வீதிகளில் குடியிருக்க வீடு தேடுகிறவரை ஊரார் முதலில் கேட்பது, "வாடகைக்கா, ஒத்திக்கா?" என்பதுதான். ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் மொத்தமாகக் கொடுத்து, வாடகையின்றிக் குடியிருந்து, கெடு முடிந்ததும் கொடுத்த தொகையை அப்படியே திரும்பப் பெற்றுக்கொண்டு போகிற இந்தத் தென்பாண்டிச் சம்பிரதாயத்தில் வட்டி என்ற சொல் வாயில் வருவதேயில்லை. ஆயினும் வட்டிக்கு வாடகை சரி என்ற அந்த ஒரு கணக்குக்குள் ஊரில் நடக்கும் வட்டி முழுவதும் அடங்கியிருக்கிறது. மாதம் 3,000 ரூபாய் வாடகை பெறத்தக்க வீட்டை, நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி நடக்கும் காலத்தில் 3 லட்சத்துக்கு ஒத்தி வைக்கலாம். வட்டி முக்காலுக்கு இறங்கினால் அதே வீட்டுக்கு 4 லட்சம் கேட்பது நியாயமாகும். ஆகவே வட்டி இறங்குமுகமாக இருக்கையில் இன்றே கையெழுத்திடுவதா, ஆடித்தபசுத் திருவிழா கழியட்டும் என்று பொறுப்பதா என்கிற யோசனை, வீட்டுக்கடன் வங்கிகள் இந்த ஊருக்கு வருமுன்பே இங்கே இருந்த யோசனைதான்.

யோசிக்கும் சுதந்திரம் யாரிடம் இருந்தது என்பதே சரித்திரத்தில் முக்கியமான விஷயம். 1855-ஆம் வருஷத்துச் சட்டம் வட்டிக்கு இருந்த உச்சவரம்பை எடுத்துவிட்டது. 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டம் அடமானத்தை மீட்கும் உரிமையைக் கடனாளிக்கு உறுதி செய்தது. எனினும் அந்த உரிமை பணம் செலுத்தவேண்டிய காலம் வந்த பிறகே உதயமாவது. வேறிடத்தில் குறைந்த வட்டிக்குப் பணம் கிடைத்தாலும் கெடுவுக்குமுன் பத்திரத்தை மீட்பது கடன் கொடுத்தவரின் சம்மதத்தைப் பொறுத்தது. சம்மதித்தாலும், அந்த வேறிடம் எங்கே?

1929-க்குப் பின் உலகெங்கும் விலைவாசி வீழ்ந்தபோது இந்தக் கஷ்டம் பிரத்தியட்சமாயிற்று. கரிசலில் பருத்தி விதைத்த ஒருவர் 1,000 ரூபாயை ஒரு ரூபாய் வட்டிக்கு ஈடு வைத்து வாங்கியிருந்தால், வருஷத்துக்கு 120 ரூபாய் வட்டி. பருத்தியின் விலை ஏறக்குறைய பாதியானபோது, அதே 120 ரூபாய்க்கு இருமடங்கு பருத்தியை அவர் விற்கவேண்டியதாயிற்று. பத்திரத்திலே ஓர் எழுத்தும் மாறவில்லை. பாரம் மட்டும் இரட்டித்தது. 1935 நவம்பரில் ரிசர்வ் வங்கி தன் வட்டியை 3 சதவீதமாக இறக்கி, 1951 நவம்பர் வரையில் அதை அசைக்காமலே வைத்திருந்தது; அந்த 3 சதவீதத்துக்கும் கரிசல் காட்டில் நடந்த வட்டிக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

நிவாரணம் சட்டத்தின் வழியே வந்தது. ராஜாஜியின் மந்திரிசபை கொண்டுவந்து, 1938 மார்ச் 22-இல் அமலுக்கு வந்த சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபருக்கு முந்திய கடன்களில் 1937 அக்டோபர் முதல் தேதி வரை நிலுவையில் நின்ற வட்டியைத் தள்ளுபடி செய்தது. அசலைப்போல் இருமடங்கு செலுத்தியவரின் கடன் தீர்ந்தது என்றது. புதிய கடன்களுக்கு ரூபாய்க்கு மாதம் ஒரு தம்பிடி, அதாவது வருஷம் ஓர் அணா, 6¼ சதவீதம் என்று வரம்பு கட்டியது. எழுத்தறியாதவரும் விரல்விட்டு எண்ணத்தக்க அளவையில் சொல்லப்பட்ட அந்த வரம்பை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆயினும் அது விவசாயிகளுக்கே உரிய சட்டம். தறியும் வீடும் அன்றி நிலம் ஒரு செண்டும் இல்லாத நெசவாளி அந்தக் குடையின்கீழ் நிற்க இடம் பெறவில்லை என்பதை நினைக்கும்போது மனம் வருந்துகிறது.

இன்று வீட்டுக்கடனில் பெரும்பகுதி மாறும் வட்டியில் நடக்கிறது. 2012-இல் ரிசர்வ் வங்கி, இத்தகைய கடனை முன்னதாக அடைப்பவரிடம் வங்கிகள் அபராதம் வாங்கலாகாது என்றது. 2019 அக்டோபர் முதல் வங்கிகளின் புதிய வீட்டுக்கடன்கள் ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி போன்ற வெளி அளவையோடு பிணைக்கப்பட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் திருத்தப்படுகின்றன. நிலையான வட்டிக்கு மாறும் வாய்ப்பைக் கடனாளிக்குத் தரவேண்டும் என்று 2023-இல் பிறந்த உத்தரவு, 2025 அக்டோபரிலிருந்து வங்கியின் விருப்பத்துக்கு விடப்பட்டது. இது பின்வாங்கிய அடி என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் 2020 மே முதல் 4 சதவீதத்தில் இருந்த ரெப்போ 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதத்துக்கு ஏறியபோது, தாழ்ந்த சமயம் பார்த்து நிலையான வட்டியில் நின்றவர்களே தப்பினார்கள்.

2025-இல் அந்த 6.5 நான்கு தவணைகளில் 5.25 ஆக இறங்கிற்று. விசைத்தறி ஓடும் ஒரு வீட்டில், சுவரில் பென்சிலால் எழுதியிருந்த கணக்கைக் கண்டேன். வங்கிக் கடிதத்தில் இருந்த 8.75 சதவீதத்தையும் 7.5 சதவீதத்தையும் பன்னிரண்டால் வகுத்து, "73 காசு வட்டி" என்றும் அதன்கீழ் "62½ காசு வட்டி" என்றும் குறித்து, அந்த வீட்டுக்காரர் அடுத்த வரிக்கு இடம் விட்டுவைத்திருந்தார்.