நூறு கலமும் முக்குறுணியும்: தஞ்சைப் பெரிய கோயிலில் பெண்களின் பணிமதிப்பு

பிற்காலத் தேவதாசியைப் பதினோராம் நூற்றாண்டின் மீது ஏற்றிப் பார்ப்பது தவறு என்று நிறுவியவர் லெஸ்லி ஓர். 2000இல் வெளியான அவரது நூலின் மையக் கருத்து இது: சோழர் காலக் கோயில் பெண்கள் முதன்மையாகக் கொடையின் வழியாகவே கோயிலில் தகுதி பெற்றனர், தேர்ச்சியும் பரம்பரை உரிமையும் சார்ந்த பணிகள் பெரும்பாலும் ஆண்களிடம் இருந்தன. அப்படியானால் இராஜராஜன் தஞ்சையில் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் குடியிருப்பில் வாழ்ந்து ஆடற்பணி செய்த பெண்கள்? விதிவிலக்கு என்கிறார் ஓர். எண்ணிக்கையைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் விதிவிலக்கு என்று ஒதுக்கியதும், அவர்களைப் பதிவு செய்த கல்வெட்டு பணியை எப்படி மதிப்பிடுகிறது என்ற கேள்வியும் சேர்ந்தே ஒதுங்கிவிடுகிறது.

ஹுல்ட்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியின் 66ஆம் எண் சாசனம், ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு வீடும் ஒரு பங்கும் தருகிறது. பங்கு ஒன்றுக்கு ஆடவல்லான் என்ற மரக்கால் அளவையால் ஆண்டுக்கு 100 கலம் நெல். இதை அடுத்துள்ள 65ஆம் எண் சாசனத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். திருப்பதியம் (தேவாரப் பாடல்கள்) விண்ணப்பம் செய்த 48 பேருக்கும், உடன் வாசித்த இருவருக்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல். 12 குறுணி ஒரு கலம். ஆண்டுக்கு 360 நாள் என்று கொண்டால் 90 கலம், 365 என்றால் 91 கலத்துக்குச் சற்று மேல். தேவாரம் பாடிய ஆண்களைவிடத் தளிச்சேரிப் பெண்ணின் நெல் குறையவில்லை, கூடுதலாகவே இருக்கிறது. ஓதுவார்க்கு வேறு வருவாய் இருந்திருக்கலாம் என்ற மறுப்புக்கு இடமுண்டு. அப்போதும், பெண்களின் பணி ஓரத்தில் கிடந்தது என்று இந்த அளவுகளைக் கொண்டு சொல்ல முடியாது.

இதைவிட முக்கியமானது 66இன் தொடக்கத்திலுள்ள வாரிசு விதி. பங்கு பெற்றவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ, அடுத்த உறவினர் அந்தக் காணியை (பணியுரிமையை) பெற்றுப் பணி செய்ய வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையெனில் தகுதியுள்ள ஒருவரை அமர்த்த வேண்டும். பெண்கள் பட்டியலுக்கும் நிவந்தக்காரர் (பங்கு பெற்ற பிற கோயில் பணியாளர்) பட்டியலுக்கும் பொதுவான முன்னுரையில் இவ்விதி வருகிறது. எனவே அது இருபாலருக்கும் உரியது என்றே கொள்கிறேன். பரம்பரை உரிமையும் தேர்ச்சியும் ஆண்களின் தனிச்சொத்து என்ற வாதம் இங்கே, குறைந்தது இந்த ஒரு கோயிலில், தளர்கிறது.

ஆனால் இதைச் சமத்துவம் என்று கொண்டாடவும் இயலாது. நட்டுவம் செய்த, அதாவது ஆடலைப் பயிற்றி நடத்திய, ஆண்களுக்கு இரண்டு பங்கு. தளிச்சேரிப் பெண்டுகளை மேற்பார்க்கும் நாயகமும் ஆண்களுக்கே. ஆடுபவளின் உழைப்புக்கு மதிப்பு உண்டு. ஆட்டுவிக்கும் அதிகாரம் அவளுக்கு இல்லை. ஆண்களின் மேலாதிக்கம் இங்கே கூலியைக் குறைப்பதில் வெளிப்படவில்லை, பணியைக் கட்டுப்படுத்துவதில் வெளிப்படுகிறது.

காலநிரல் மட்டும் உறுதிப்படவில்லை. இராஜராஜனின் 29ஆம் ஆட்சியாண்டு (சுமார் 1014) வரை அளித்தவை என்கிறது சாசனம். பெண்கள் திருவாரூர், திருவையாறு முதலிய ஊர்களிலிருந்து எப்போது, ஒரே தவணையிலா, வந்தனர் என்பதை அது சொல்லவில்லை. பிற்சோழர் காலத்தில் கொடை கொடுத்துக் கோயில் உரிமை பெற்ற பெண்களை ஓர் சரியாகவே சுட்டுகிறார். அவர்கள் தஞ்சையின் பணியுரிமை மரபைத் தொடர்ந்தவர்களா, அது நலிந்தபின் வேறு வழி தேடியவர்களா என்பதற்கு இவ்விரு சாசனங்கள் போதா. எனினும் அந்த மாற்றத்தை ஆராய்பவர் 100 கலத்திலிருந்து தொடங்க வேண்டும்.