எயார் சிலோன்: பெயர் ஒன்று, விமானம் பிறருடையது

இலங்கையின் முதலாவது தேசிய விமான சேவையான எயார் சிலோன், நாடு சுதந்திரம் பெறுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே பறக்கத் தொடங்கிவிட்டது. 1947 டிசம்பர் 10 அன்று அதன் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறையில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்குச் சென்றது. காங்கேசன்துறை என்று அன்றைய கால அட்டவணைகளில் குறிக்கப்பட்டது பலாலி விமான நிலையமே. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய வான்படை அமைத்த ஓடுபாதை அது.

போக்குவரத்து, பொதுவேலைகள் அமைச்சராக இருந்த சேர் ஜோன் கொத்தலாவலையின் முயற்சியால் மூன்று டகோட்டா (டி.சி. 3) விமானங்கள் வாங்கப்பட்டன. போர் முடிந்த பின் இவ்வகை விமானங்கள் உலகெங்கும் மலிவாகக் கிடைத்தன. இரண்டு இயந்திரங்கள், ஏறத்தாழ 25 பயணிகள், குறுகிய ஓடுபாதையே போதும் என்பதால் சிறிய நாடுகள் பலவற்றின் விமான சேவைகள் டகோட்டாவுடனேயே தொடங்கின. இலங்கையின் மூன்றுக்கும் சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்திராதேவி எனப் பெயரிட்டனர். முதலிரு பெயர்களையும் அறியாதவர் குறைவு. மூன்றாமவர் கோட்டை மன்னன் ஆறாம் பராக்கிரமபாகுவின் தாய். அவர் நினைவாக மன்னன் எழுப்பிய பிரிவெனா பெப்பிலியானையில், இரத்மலானைக்கு அருகிலேயே இருக்கிறது.

டகோட்டாக்கள் யாழ்ப்பாணத்துக்கும் தென்னிந்தியாவுக்கும் போதுமானவை. இலண்டனுக்குப் போக அவற்றால் இயலாது. நீண்டதூர விமானம் வாங்கவும் அதை ஓட்டவும் பழுதுபார்க்கவும் வேண்டிய பணமும் ஆட்களும் அன்றைய இலங்கையிடம் இல்லை. ஆனால் வேறொன்று இருந்தது. 1944ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கையின்படி ஒவ்வொரு நாட்டுக்கும் தன் வான்பரப்பின் மீது முழு இறைமை உண்டு. எந்த நாட்டு விமானம் கொழும்பில் இறங்கிப் பயணிகளை ஏற்றலாம் என்பதை இலங்கை அரசே முடிவு செய்யும். ஐரோப்பாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடைப்பட்ட வழியில் இருந்த கொழும்பின் இந்த உரிமைக்கு விலை இருந்தது. எயார் சிலோனின் முப்பதாண்டு வரலாறு பெரும்பாலும் அந்த உரிமையைக் கொடுத்து விமானம் பெற்ற கதைதான்.

முதலில் வந்தது ஆஸ்திரேலிய நெஷனல் எயார்வேஸ். 1949இல் அது 49 விழுக்காடு பங்கைப் பெற்றது. 51 விழுக்காடு அரசிடம் இருந்தது. அதன் நான்கு இயந்திர டி.சி. 4 விமானங்களில் எயார் சிலோன் இலண்டனுக்கும் சிட்னிக்கும் பறந்தது. புதிதாகச் சுதந்திரம் பெற்ற சிறிய தீவுக்கு இது பெரிய பாய்ச்சலே. ஆனால் சில ஆண்டுகளில் அந்த உறவு முடிந்தவுடன் நீண்டதூரச் சேவையும் நின்றது. பங்காளி போனால் விமானமும் போய்விடும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

1950களின் நடுவில் நெதர்லாந்தின் கே.எல்.எம். பங்காளியாக வந்தது. அதனிடமிருந்து பெற்ற கொன்ஸ்டலேஷன் விமானத்துக்கு மகாதேவி என்று பெயர். பின்னர் சூப்பர் கொன்ஸ்டலேஷனும், எலெக்ட்ராவும் வந்தன. 1962 முதல் பிரித்தானியாவின் பி.ஓ.ஏ.சி.; அதன் கொமெட், பின்பு வி.சி. 10 ஜெட் விமானங்கள். 1972இல் பிரான்சின் யூ.டி.ஏ.யும் டி.சி. 8 விமானமும். கால் நூற்றாண்டுக்குள் நான்கு பங்காளிகள் மாறினார்கள். ஒவ்வொரு மாற்றத்தின் போதும் விமானிகளுக்கும் பொறியியலாளர்களுக்கும் புதிய விமான வகையைப் பழக வேண்டியிருந்தது. ஒருவரிடம் கற்றது அடுத்தவரிடம் முழுதாகப் பயன்படவில்லை என்பதே, இழந்த வருமானத்தைவிடப் பெரிய நட்டம் என்று சொல்லலாம்.

சொந்தமாக ஜெட் விமானம் வாங்கும் முயற்சியும் நடந்தது. 1969இல் ஹோக்கர் சிட்லி ட்ரைடென்ட் ஒன்று வாங்கப்பட்டது. ஒன்றே ஒன்று. அது பழுதுபார்க்க நிறுத்தப்பட்டால் அதன் இடத்தில் பறக்க மற்றொரு ட்ரைடென்ட் கிடையாது. உதிரிப்பாகக் களஞ்சியம், பயிற்சி, பொறியியலாளர் ஆகிய செலவுகள் பத்து விமானங்களுக்குப் பங்கிடப்படும்போது தாங்கக்கூடியவை. ஒரே விமானத்தின் தலையில் விழுந்தால் அப்படியல்ல.

கவர்ச்சியான இலண்டன் சேவை வந்தும் போயும் கொண்டிருக்க, தொடக்க நாளின் வழித்தடம் மட்டும் நிலைத்து நின்றது. பலாலியிலிருந்து கொழும்பைவிடத் திருச்சிராப்பள்ளி அருகில். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்துத் தலைமன்னார்க் கப்பல் வழியைக் குலைத்தபோது, வான்வழியின் தேவை மேலும் கூடியது. அதே ஆண்டில் டகோட்டாவுக்கு மாற்றாக அவ்ரோ 748 விமானம் வந்தது. யாழ்ப்பாணத்தவர் நினைவில் எயார் சிலோன் என்றால் பெரும்பாலும் இந்த அவ்ரோதான்.

அதன் முடிவும் அரசியலோடு கலந்தது. 1978 செப்டெம்பர் 7 அன்று, இலங்கையின் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த நாளில், பலாலியிலிருந்து இரத்மலானை வந்திறங்கிய அவ்ரோவில் குண்டு வெடித்தது. தமிழீழ விடுதலைப் புலிகளின் செயல் என்று அது பதிவாகியுள்ளது. பயணிகள் இறங்கிவிட்டிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. விமானம் எரிந்து அழிந்தது. நட்டத்தில் மூழ்கியிருந்த எயார் சிலோனை மூடிவிட அரசு முடிவெடுத்தது.

1979 செப்டெம்பர் 1 அன்று, சிங்கப்பூர் எயார்லைன்சின் உதவியோடும் அதனிடமிருந்து பெற்ற இரண்டு பொயிங் 707 விமானங்களோடும் எயார் லங்கா தொடங்கியது. 1998இல் எமிரேட்ஸ் அதன் பங்காளியானது; மறு ஆண்டு ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் என்ற பெயர் வந்தது; 2008இல் எமிரேட்சின் நிருவாகமும் முடிந்தது. பலாலிக்கும் தமிழகத்துக்கும் இடையிலான பயணிகள் சேவை, போர்க்காலம் முழுதும் நின்றிருந்து, 2019 நவம்பரில் மீண்டும் தொடங்கியது. சென்னையிலிருந்து வந்த அந்த விமானம் இந்தியாவின் அலையன்ஸ் எயாருடையது.