ஜனாஸா நிதியிலிருந்து முதலுதவிச் சான்றிதழ் வரை

சங்கத்தின் ஆரம்பகாலக் கூட்டக் குறிப்பேடுகளைப் புரட்டினால் அதிகம் கண்ணில் படும் சொல் ஜனாஸா. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு இங்கே கடைகளிலும் கிட்டங்கிகளிலும் தங்கி வேலை பார்த்த நம் முன்னோர், ஒருவர் மவுத்தாகிவிட்டால் அவரை முறைப்படி அடக்கவும் ஊருக்குச் சேதி சொல்லவும் ஆள் வேண்டுமே என்ற கவலையில்தான் சந்தா சேர்த்தார்கள். அந்தக் கடமையில் நாம் குறை வைத்ததில்லை. சேதி வந்ததும் கபன் துணி, குளிப்பாட்ட ஆள், வாகனம் எல்லாம் தயாராகிவிடும். ஆனால் மவுத்துக்கு முந்திய சில நிமிடங்களில் என்ன செய்ய வேண்டும் என்பது வெகுகாலம் நமக்குத் தெரியாது. அதைக் கற்றுக்கொண்ட கதையில் பெருமைப்பட முடியாத பக்கங்களும் உண்டு. மலர்தானே என்று அவற்றை விட்டுவிட மனமில்லை.

1986 மார்ச் 15, சனிக்கிழமை. சிராங்கூன் சாலையில் ஹோட்டல் நியூ வேர்ல்ட் இருந்த ஆறு மாடிக் கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் இடிந்து தரைமட்டமானது. 33 பேர் மாண்டனர். 17 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். எம்ஆர்டி சுரங்க வேலைக்காக வந்திருந்த வெளிநாட்டு வல்லுநர்கள் இடிபாடுகளுக்கு அடியில் வழி குடைந்து உதவினர். கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் சேர்க்காமல் வடிவமைத்திருந்தது பின்னர் விசாரணையில் தெரியவந்தது. நம் உறுப்பினர் பலருக்கு அது தினமும் நடந்துபோகும் சாலை. ஓடிப்போனவர்களால் தடுப்புக்கு வெளியே நின்று பார்க்கத்தான் முடிந்தது. மனம் இருந்தது, பயிற்சி இல்லை.

குடிமைத் தற்காப்புச் சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான். நம் இளைஞர்கள் சிலர் முதலுதவி வகுப்பில் சேர்ந்தார்கள். முக்கோணத் துணியால் கைக்கட்டுப் போடவும், முறிந்த எலும்புக்குச் சிம்பு வைத்துக் கட்டவும், ரப்பர் பொம்மையின் நெஞ்சை அழுத்தவும் கற்று வந்தார்கள். சான்றிதழ்களைச் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டினோம். நாம் தவறியது அங்கேதான். முதலுதவிச் சான்றிதழுக்குக் காலாவதி உண்டு, கைப்பழக்கத்துக்கும் உண்டு. காகிதம் பழுப்பேறியது, யாரும் புதுப்பிக்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்து ஒரு ரமலான் மாலை. நோன்பு துறக்கும் நேரத்தில் பெரியவர் ஒருவர் கஞ்சிக் கோப்பையைக் கையில் பிடித்தபடியே சரிந்தார். பசி மயக்கம் என்றோம். விசிறினோம், முகத்தில் தண்ணீர் தெளித்தோம். ஒருவர் உள்ளங்கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். விட்டுவிட்டு வந்த இழுப்பை மூச்சு என்றே நம்பினோம். இதயம் நின்றவருக்கும் அப்படி இழுப்பு வரும், அது மூச்சல்ல என்று பிற்பாடு பயிற்றுநர் சொன்னபோது வகுப்பில் யாரும் தலை நிமிரவில்லை. 995ஐ அழைத்தோம். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் நெஞ்சில் கைவைக்க ஒருவரும் துணியவில்லை. மறுநாள் அடக்கம் வழக்கம்போல் குறைவின்றி நடந்தது.

அடுத்த கூட்டத்தில் அவருடைய மகன் எழுந்து, "அத்தா விழுந்தப்போ இத்தனை பேர் இருந்தீங்களே, ஒருத்தருக்கும் தெரியலையா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்தார். குறிப்பேட்டில் அந்தக் கேள்வி அப்படியே பதிவாகியிருக்கிறது. பதில் பதிவாகவில்லை.

அதன்பிறகே சிபிஆர், ஏஇடி வகுப்புகளை நம் மண்டபத்திலேயே நடத்தத் தொடங்கினோம். மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியைப் பதித்து, முழங்கை மடங்காமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 4 முதல் 6 செண்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். கேட்க எளிது. இரண்டு நிமிடத்தில் தோள் கடுத்துவிடும். தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது என்று கேட்டபின் தோள்வலியைப் பற்றி யாரும் பேசவில்லை.

பெண்களுக்குத் தனி வகுப்பு வைத்தோம். ஏஇடியின் ஒட்டுத்தகடுகளை வெறும் தோலில்தான் பதிக்க வேண்டும். அந்நிய ஆணுக்கு, அந்நியப் பெண்ணுக்கு அதைச் செய்யலாமா? கேட்டவர் வயதில் மூத்த ஒரு பெண்மணி. நியாயமான கேள்விதான். உயிர் போகும் நிர்ப்பந்தத்தில் விலக்குகள் தளர்கின்றன என்பது ஃபிக்ஹில் நிலைபெற்ற விதி என்று உஸ்தாது விளக்கினார். அந்த அம்மாவே முதல் ஆளாக பொம்மையருகே மண்டியிட்டார்.

2015இல் குடிமைத் தற்காப்புப் படை ‘மைரெஸ்பாண்டர்’ செயலியை அறிமுகப்படுத்தியது. பக்கத்தில் யாருக்காவது இதயத்துடிப்பு நின்றால் கைப்பேசி அழைக்கும். வீவக புளோக்குகளின் கீழ்த்தளத்தில் ஏஇடிகளும் வந்தன. நம் உறுப்பினர் ஒருவர் ஸஹருக்கு எழுந்த நேரத்தில் அழைப்பு வர, பக்கத்து புளோக்கில் ஒரு சீன முதியவருக்கு நெஞ்சழுத்தம் கொடுத்தார். மருத்துவ உதவியாளர்கள் வந்து பொறுப்பேற்றதும் வீடு திரும்பி, நேரம் இருந்ததால் ஒரு மிடறு தண்ணீர் மட்டும் குடித்து நோன்பு வைத்தார். அந்த முதியவர் பிழைத்தாரா என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் இம்முறை ஒருவர் கைவைத்திருந்தார்.

சுவரில் இப்போது சான்றிதழ்கள் இல்லை. ஜனாஸா பதிவேட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு பதிவேடு இருக்கிறது: பெயர், தேர்ச்சி பெற்ற நாள், இரண்டாண்டு முடியும் நாள். இந்த மாதம் புதுப்பிக்க வேண்டியவர்கள் ஏழு பேர். செயலாளரும் அதில் ஒருவர், இருமுறை நினைவூட்டியாயிற்று.