நின்றதா, நிறுத்தினார்களா? கிளஸ்டர் கண்காணிப்பில் 'நிறுத்தம்' வளர்ந்த வரலாறு

சர்வர் கிளஸ்டரில் ஒரு கண்காணிப்புச் சேவையைத் தொடங்க ஒரு வரிக் கட்டளை போதும். நிறுத்தவும் அதே ஒரு வரிதான். ஆனால் தொடங்கிய சேவை, தான் வந்துவிட்டதைத் தன் வேலையாலேயே காட்டிக்கொள்ளும். நிறுத்திய சேவையிடம் காட்ட ஒன்றும் இல்லை. பத்து சர்வர்களில் ஒன்றிலிருந்து தகவல் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். சர்வரே செத்ததா, வலைக் கம்பி கழன்றதா, கண்காணிக்கும் நிரல் விழுந்ததா, நிர்வாகி பராமரிப்புக்காக அதை நிறுத்தினாரா? நான்கும் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஒரே மௌனம். கடந்த அரை நூற்றாண்டில் இத்துறை கண்ட பெரிய முன்னேற்றம், தெரிந்தே செய்த நிறுத்தத்தை இந்த மௌனத்திலிருந்து பிரித்துச் சொல்லக் கற்றதுதான் என்று இக்கட்டுரை வாதிடுகிறது. கணினிகள் இதை மெதுவாகக் கற்றன. ரயில்வே முன்பே கற்றிருந்தது. அந்த வரலாற்றைத் தொடர மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கைவிடப் பொருத்தமான இடம் அதிகம் இல்லை.

சிலாங்கூரின் முதல் ரயில் பாதை 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் புக்கிட் கூடா வரை திறக்கப்பட்டது. அதன் பின் வளர்ந்த ரயில்வேயின் ஊழியர் குடியிருப்பாகவும் வண்டிகளைப் பிரித்துக் கோக்கும் முற்றமாகவும் பிரிக்ஃபீல்ட்ஸ் மாறியது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தமிழர் பலர் நிலைய அதிகாரிகளாகவும் எழுத்தர்களாகவும் பணிசெய்த துறை அது. ஒற்றைப் பாதை ரயில்வேயின் முதல் கேள்வி, எதிரெதிரே இரண்டு வண்டிகள் ஒரே பகுதிக்குள் புகாமல் பார்ப்பது எப்படி என்பது. அதற்குக் கண்ட விடைகளுள் ஒன்று டோக்கன் எனும் சாவி. இரு நிலையங்களிலும் இருக்கும் பெட்டிகள் மின்கம்பியால் இணைந்திருக்கும். ஒரு சாவி வெளியே இருக்கும்வரை இரண்டிலிருந்தும் மற்றொன்று வராது. ஓட்டுநர் சாவியைத் திருப்பிக் கொடுத்துப் பெட்டிக்குள் போட்ட பிறகுதான் பாதை காலி. வண்டி போய் நெடுநேரமாயிற்று, சத்தமும் இல்லை என்பதால் பாதை காலி என்று யாரும் முடிவுசெய்ய முடியாது. மலாயன் ரயில்வேயின் சிங்கப்பூர்ப் பகுதியிலிருந்த புக்கிட் தீமா நிலையத்தில் 2011 ஜூன் 30 வரை இந்தச் சாவி கைமாறியது. தோல்பைக்குள் சாவி, பைக்கு ஒரு பெரிய வளையம், நடைமேடையில் வளையத்தை நீட்டி நிற்கும் ஊழியர், வேகம் குறைத்துக் கடக்கும் வண்டியிலிருந்து அதை அள்ளிக்கொள்ளும் கை. கைகாட்டி மரமும் இதே சிந்தனையில் எழுந்தது: இழுக்கும் கம்பி அறுந்தால் எதிர் எடையின் பாரத்தால் கை 'நில்' நிலைக்கே திரும்பும். மௌனத்துக்கு ஒரே பொருள்தான், அதுவும் ஆபத்து என்ற பொருள்தான்.

கணினியியல் இந்தக் கைகாட்டியைப் பெயரோடு எடுத்துக்கொண்டது. ஒரு வளத்தை ஒரே நேரத்தில் ஒரு நிரல் மட்டும் பயன்படுத்தச் செய்யும் முறைக்கு, 1960களின் தொடக்கத்தில் டச்சுக் கணினியியலாளர் டைக்ஸ்ட்ரா கைகாட்டிக் கம்பத்தைக் குறிக்கும் டச்சுச் சொல்லையே வைத்தார். அதுவே ஆங்கிலத்தில் 'செமஃபோர்' ஆனது. ஆனால் செமஃபோர் ஒரே இயந்திரத்துக்குள் இயங்குவது. பல இயந்திரங்கள் ஒன்றாகச் சேர்ந்தபோது மௌனத்தின் சிக்கல் முழு அளவில் வந்தது. 1976இல் விற்பனைக்கு வந்த டாண்டம் நான்ஸ்டாப் கணினியில் ஒவ்வொரு செயலியும் 'உயிரோடு இருக்கிறேன்' என்ற செய்தியை ஏறத்தாழ ஒரு விநாடிக்கு ஒருமுறை மற்றவற்றுக்கு அனுப்பியது. செய்தி நின்றால் அந்தச் செயலி இறந்ததாகக் கொள்ளப்படும். 1983இல் டிஜிட்டல் நிறுவனம் அறிவித்த வாக்ஸ்கிளஸ்டர் இன்னொன்றைச் சேர்த்தது: வாக்கெடுப்பு. தொடர்பு அறுந்து கிளஸ்டர் இரண்டாகப் பிரிந்தால், பெரும்பான்மை வாக்கு உள்ள பாதி மட்டும் வேலையைத் தொடரும். மற்றது தானே ஒதுங்கும். இரு பாதிகளும் 'எதிரே இருப்பவன் செத்துவிட்டான்' என்று நம்பி ஒரே வட்டில் எழுதினால் தரவு பாழாகும் என்பதால் இந்த ஏற்பாடு. மரணத்தைக் கண்டுபிடிக்க அந்தத் தலைமுறை அரும்பாடுபட்டது. விடைபெறுதலைப் பற்றி அவ்வளவு யோசிக்கவில்லை.

அந்தக் குறையின் தெளிவான சான்று காங்லியா. 1994இல் நாசாவில் பேவுல்ஃப் என்ற பெயரில் 16 சாதாரணக் கணினிகளை இணைத்துக் கட்டிய கிளஸ்டர், மலிவான பெட்டிகளை அடுக்கினாலே பெரிய கணினி கிடைக்கும் என்று காட்டியது. பல்கலைக்கழகங்கள் பின்பற்றின, கிளஸ்டரின் உறுப்புக் கணினிகளான நோடுகளின் எண்ணிக்கை நூறுகளுக்குப் போனது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்த காங்லியா இவற்றுக்கென்றே வந்த கண்காணிப்பு நிரல். ஒவ்வொரு நோடிலும் 'ஜிமான்ட்' என்ற டீமன், அதாவது பின்னணி நிரல், ஓடித் தன் நிலையை எல்லோருக்கும் ஒலிபரப்பும். மற்ற டீமன்கள் அதைக் கேட்டு நினைவில் வைத்துக்கொள்ளும். புதிய நோடைச் சேர்க்கக் கோப்பு எதையும் திருத்த வேண்டாம், டீமனைத் தொடங்கினால் போதும், தானாகவே படத்தில் வந்துவிடும். தொடக்கம் இதைவிட எளிதாக இருக்க முடியாது. நிறுத்தம் நேர் எதிர். ஒரு நோடை நிரந்தரமாகக் கழற்றி எடுத்துப் போய்விட்டாலும் மற்ற டீமன்களின் நினைவில் அது கிடக்கும். திரையில் 'இறந்தது' என்று சிவப்பில் காட்டிக்கொண்டே இருக்கும். ஒரு நோடை மறக்க எவ்வளவு காலம் காத்திருப்பது என்ற அமைப்பின் இயல்பான மதிப்பு முந்தைய பதிப்புகளில் 0, அதாவது ஒருபோதும் மறக்காதே. அந்த ஆவியை விரட்ட, அதை நினைவில் வைத்திருந்த டீமன்களை நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டும். போன ஒருவரின் பெயரை நீக்குவதற்காக இருப்பவர்கள் அனைவரும் வெளியே போய்த் திரும்பி வருவது போன்ற வேலை இது. எளிய தொடக்கத்துக்காக நிறுத்தத்தை அடகு வைத்த வடிவமைப்பு என்றே இதைச் சொல்வேன்.

நிறுத்தத்துக்குத் தனி இலக்கணம் மெல்ல மெல்லத்தான் உருவானது. நெட்செயின்ட் என்று 1999இல் வெளிவந்து பின்னர் நாகியோஸ் ஆன கண்காணிப்பு நிரலில் 'திட்டமிட்ட நிறுத்த நேரம்' என்ற ஏற்பாடு உண்டு: இன்ன மணியிலிருந்து இன்ன மணி வரை இந்தச் சர்வர் பதில் சொல்லாவிட்டால் யாரையும் எழுப்பாதே. பேஸ்மேக்கர் போன்ற கிளஸ்டர் மேலாளர்கள் வந்தபின் இது சலுகையாக இல்லாமல் கட்டாயமானது. அவை பார்ப்பதோடு நிற்காமல் செயலும் புரிபவை. பேஸ்மேக்கர் பொறுப்பிலுள்ள ஒரு சேவையை, அதனிடம் சொல்லாமல் நிர்வாகி நேரடியாக இயங்குதளக் கட்டளையால் நிறுத்தினால், அடுத்த சோதனையில் அது 'சேவை விழுந்துவிட்டது' என்று கண்டு மறுபடி தூக்கி நிறுத்தும்; அமைப்பைப் பொறுத்து வேறு நோடுக்கே மாற்றிவிடும். சேவையை நிறுத்தவே முடியாமல் போனால் நோடின் மின்சாரத்தையே துண்டிக்கும் வேலி முறையும் உண்டு. ஆகவே வரிசை முக்கியம். முதலில் பராமரிப்பு நிலையை அறிவித்து மேலாளரின் கையைக் கட்ட வேண்டும், பிறகு சேவையை நிறுத்த வேண்டும். தொடங்கும்போது சேவை எழுந்து நின்றதை உறுதிசெய்த பிறகே கையை அவிழ்க்க வேண்டும். 2010இல் வந்த, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி இந்த அறிவிப்பை நிரலின் வாயிலேயே வைத்தது. 'தயார்' என்று சொல்ல ஒரு செய்தி, 'நிறுத்திக்கொண்டிருக்கிறேன்' என்று சொல்லப் பின்னர் சேர்ந்த இன்னொன்று. பெட்டிக்குத் திரும்பும் சாவிக்கு இணையான ஒன்று கணினிக்குக் கிடைத்தது அப்போதுதான்.

கண்காணிப்பாளர்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் இந்தத் தலைவலியே இருக்காதே என்று ஒருவர் கேட்கலாம். இரண்டு கண்காணிப்பாளர்கள் முரண்பட்டுச் சொன்னால் எதை நம்புவது என்ற கேள்விக்குத்தான் வாக்ஸ்கிளஸ்டர் வாக்கெடுப்பைக் கொண்டுவந்தது; எண்ணிக்கை பெருகப் பெருக, திட்டமிட்டு வெளியேறுபவர் தன் வாக்கை முறையாக விலக்கிக்கொள்ளும் தேவையும் பெருகுகிறது. இன்னும் வலுவான மறுப்பு, 2014இல் வெளியான, கிளஸ்டரில் நிரல்களைத் தானே நிர்வகிக்கும் குபர்நெட்டிஸின் காலத்தில் யாரும் கையால் எதையும் தொடங்குவதோ நிறுத்துவதோ இல்லை என்பது. உண்மைதான், ஒவ்வொரு நோடிலும் ஒரு கண்காணிப்பு முகவரை அதுவே வைத்துக்கொள்கிறது. ஆனால் அதன் உள்ளே பார்த்தால் நிறுத்தத்துக்குத்தான் அதிகச் சடங்கு: நிறுத்துமுன் ஓட வேண்டிய வேலை, 'முடித்துக்கொள்' என்ற சமிக்ஞை, இயல்பாக 30 விநாடி அவகாசம், அதற்கும் அடங்காவிட்டால்தான் கொலை. அதனுடன் பரவலாகப் பயன்படும், 2012இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் தொடங்கிய பிரோமிதியஸ் என்ற கண்காணிப்பு நிரல் ஒவ்வொரு சேவையையும் தானே போய்க் கேட்கிறது. கேட்டும் பதில் வராவிட்டால் 0 என்று எழுதுகிறது. பட்டியலிலிருந்தே சேவை நீக்கப்பட்டிருந்தால் எண் வரிசை அங்கேயே முடிகிறது. 'நின்றது', 'நிறுத்தினார்கள்' என்ற இரண்டுக்கும் இப்படி இரண்டு வேறு தடயங்கள். கண்காணிப்பாளரே செத்தால் என்ன செய்வது என்பதற்கு 'வாட்ச்டாக்' என்று ஓர் எச்சரிக்கை எப்போதும் ஒலித்தபடி இருக்கும். அது நின்றால்தான் ஆபத்து. கம்பி அறுந்தால் விழும் கைகாட்டியின் பேரப்பிள்ளை அது.

ரயிலையும் சர்வரையும் ஒப்பிடுவது வெறும் உவமை என்பது மூன்றாவது மறுப்பு. கிள்ளான் பள்ளத்தாக்கில் இரண்டும் ஒன்றாகவே ஆகிவிட்டன. பிரிக்ஃபீல்ட்ஸின் பழைய ரயில் முற்றத்தின் மேல் 2001இல் கேஎல் சென்ட்ரல் திறந்தது. அதைக் கடந்து செல்லும் கிளானா ஜெயா தடத்தில் 1998 முதல் ரயில்களை ஓட்டுவது கணினி. தன் இருப்பிடத்தை ரயில் இடைவிடாமல் அறிவிக்க வேண்டும்; அறிவிப்பு அறுந்தால் அமைப்பு அதை நிறுத்திவிடும். 2021 மே 24 இரவு கம்போங் பாரு, கேஎல்சிசி நிலையங்களுக்கு இடையே இரு ரயில்கள் மோதி 213 பேர் காயமடைந்தார்கள். ஒன்று பயணிகள் ரயில். மற்றது தானியங்கிக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கி, ஓட்டுநர் கையால் ஓட்டிய வெற்று ரயில். ஓட்டுநரின் கவனக்குறைவே காரணம் என்றது அரசு விசாரணை. அந்த முடிவை மறுக்க என்னிடம் சான்று இல்லை. ஆனால் அந்தக் கவனக்குறைவு எந்த இடைவெளியில் நேர்ந்தது என்பது கவனிக்கத்தக்கது. கண்காணிப்பிலிருந்து ஒன்றை விலக்கிய கணத்துக்கும் திரும்பச் சேர்க்கும் கணத்துக்கும் இடையில் அது நேர்ந்தது. இது என் வாதத்துக்கே ஒரு திருத்தம்: நிறுத்தத்தை அறிவித்தால் மட்டும் போதாது, அது எப்போது முடியும் என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். நாகியோஸின் நிறுத்த நேரத்துக்கு முடிவு மணி உண்டு. பேஸ்மேக்கரின் பராமரிப்பு நிலைக்கு இயல்பாக அது இல்லை. யாராவது நினைவு வைத்து நீக்கும்வரை கிளஸ்டர் காவலற்றுக் கிடக்கும். சைபர்ஜெயாவிலும் கோலாலம்பூரிலும் கிளஸ்டர்களைப் பார்த்துக்கொள்பவர்கள், பராமரிப்பு நிலையை இயக்கும் கட்டளைக்கு அடுத்த வரியிலேயே அதை நீக்கும் கட்டளையையும், அதை நீக்க வேண்டிய மணியையும், நீக்கும் பொறுப்பு யாருடையது என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.