ரப்பர்ப் பாலும் காந்த ஒத்திசைவும்

மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அங்கு உழைத்த மக்களின் வரலாற்றையே நாம் பேசுகிறோம். அது பேசப்பட வேண்டிய வரலாறே. ஆயினும் அவர்கள் விடியற்காலையில் மங்குகளிலிருந்து சேகரித்த வெண்ணிறப் பால் எத்தகைய பொருள் என்பதை அறிவியல் உலகம் உணர்ந்துகொண்டதற்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

ரப்பருக்கு முன்னரே இம்மண்ணிலிருந்து உலகிற்குச் சென்ற மரப்பால் ஒன்று உண்டு; கட்டாபெர்ச்சா என்பது அதன் பெயர். 1851இல் ஆங்கிலக் கால்வாயின் அடியில் இடப்பட்ட தந்திக் கம்பிக்கு அதுவே உறையாயிற்று. அப்பாலைப் பெறுவதற்காக மரத்தையே வெட்டிச் சாய்த்தனர். காடுகளில் அம்மரம் அருகிப்போயிற்று. ரப்பர் மரத்திற்கு அந்நிலை நேரவில்லை. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, பட்டையை மட்டும் மெல்லச் சீவினால் மரம் உயிரோடிருந்தே பல்லாண்டு பால் தரும் என்று காட்டினார். உளி ஆழமாகப் பட்டால் மரம் புண்படும் என்பதைப் பால் வெட்டிய நம் முன்னோர் கைப்பழக்கத்தால் நன்கறிவர்.

இவ்விரு பொருள்களும் வேதியியலாருக்குப் புதிராயின. இரண்டிலும் அடிப்படை அலகு ஒன்றே: 5 கார்பன், 8 ஹைட்ரஜன். ஆனால் ரப்பர் இழுத்தால் நீள்கிறது. கட்டாபெர்ச்சா விறைத்து நிற்கிறது. 1920இல் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஸ்டாடிங்கர், இத்தகைய பொருள்கள் சிறு அலகுகள் கோத்த மிக நீண்ட சங்கிலிகளே என்றார். பலர் ஏற்க மறுத்தனர்; 1953இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ரப்பரில் சங்கிலி ஒவ்வோர் இரட்டைப் பிணைப்புக்கும் ஒரே பக்கமாகத் தொடர்கிறது. கட்டாபெர்ச்சாவில் எதிரெதிர்ப் பக்கமாகத் தொடர்கிறது. அணுக்கள் அவையே, அமைப்பு மாறியதால் இயல்பு மாறிற்று.

அவ்வமைப்பை நுணுகிக் காணும் வழியாக வந்ததே அணுக்கருக் காந்த ஒத்திசைவு. வலிய காந்தப் புலத்தில் வைக்கப்பட்ட சில அணுக்கருக்கள் குறிப்பிட்ட அதிர்வெண் கொண்ட வானொலி அலையை மட்டுமே ஏற்கும். 1945 டிசம்பரில் எட்வர்ட் பர்செல் குழுவினர் பாரஃபின் மெழுகிலும், சில வாரங்களில் ஃபீலிக்ஸ் பிளாக் குழுவினர் நீரிலும் இதனைக் கண்டனர். இருவரும் 1952இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அண்டையில் நிற்கும் அணுக்களுக்கேற்ப அந்த அதிர்வெண் சிறிதே மாறும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆகவே ஓர் அணு தன் அயலாரைத் தானே அறிவிக்கிறது எனலாம்.

கார்பனில் இவ்வாறு விடையளிப்பது கார்பன்-13 என்னும் வகையே. அது 100இல் ஏறத்தாழ ஒன்றுதான். அதன் குரல் மிக மெல்லியது. 1966இல் ரிச்சர்ட் எர்ன்ஸ்ட், வெஸ்டன் ஆண்டர்சன் ஆகியோர் வெளியிட்ட துடிப்பு முறை அக்குரலைக் கேட்க உதவிற்று. இம்முறையைக் கொண்டே ஜப்பானிய அறிஞர் யசுயுகி தனாகா குழுவினர், இயற்கை ரப்பர்ச் சங்கிலியின் ஒரு முனையில் கட்டாபெர்ச்சாவைப் போன்ற எதிர்ப்பக்க அலகுகள் ஓரிரண்டு இருப்பதை எடுத்துக்காட்டினர்.

கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பர் எக்கரைப்பானிலும் கரையாது. கரைத்து ஆராயும் பழைய வழி அதனிடம் செல்லாது. கந்தகப் பாலங்கள் பெருகப் பெருகச் சங்கிலியின் அசைவு குறையும். ஒத்திசைவுக் குறிகை விரைந்து தேயும். அத்தேய்வை அளந்து, பாலங்களின் செறிவைப் பொருளைச் சிதைக்காமலேயே கணிக்கின்றனர்.

மரத்தை வீழ்த்திப் பெற்ற பால் அருகிற்று. மரத்தை வாழவிட்டுப் பெற்ற பால் நிலைத்தது. ஆய்வுக்கும் இது பொருந்தும். தோட்டத்துச் சொற்களை அறிந்த மூத்தோர் நம்மிடையே இருக்கும்போதே, அவர்களது கையறிவையும் இவ்வறிவியலையும் ஒருசேர மாணவர்க்குத் தமிழில் கற்பிப்பது நம் கடமையாகும்.