நைஸ் எண்ணும் குடும்ப அட்டையும்

கணினியில் ஒரே நேரத்தில் பத்து வேலை நடக்கிற மாதிரித்தான் தெரியும். உண்மையில் ஒரு கோர் ஒரு கணத்தில் ஒரு வேலையைத்தான் கவனிக்கும், மற்றவை காத்திருக்கும். எது காத்திருக்கவேண்டும் என்று ஆர் தீர்மானிக்கிறது? உள்ளே இருக்கிற கேர்னலா, வெளியே இருக்கிற நாங்களா? கலைப்பீடத்தில் அதிகாரப் பரவலாக்கம் பற்றிப் பாடம் கேட்டுக் களைத்த எங்களுக்கு இது நல்லாப் பழகின கேள்வி.

யுனிக்ஸ் 1970களிலேயே ஒரு பதில் வைத்திருந்தது: நைஸ். லினக்ஸில் இந்த எண் -20 முதல் 19 வரை போகும். எண் கூடக்கூட அந்தப் புரோகிராம் மற்றவைக்கு விட்டுக்கொடுக்கும். பெயரும் அந்தக் குணத்தால் வந்ததுதான். விட்டுக்கொடுக்க எவருக்கும் அனுமதி உண்டு, முந்திப்போகப் பொதுவாக ரூட் அனுமதி வேணும். அழகான ஏற்பாடு. ஆனால் அப்படி ஒரு கட்டளை இருக்கு எண்டு தெரிந்தவருக்கு மட்டும்.

தெரியாதவருக்காகக் கேர்னலே ஊகித்துப் பார்த்தது. அதிகம் தூங்குகிற புரோகிராம்தான் மனிசர் தொட்டுப் பாவிக்கிற புரோகிராம் என்று பழைய ஷெட்யூலர் கணக்குப் போடும். கணக்கு அடிக்கடி பிழைத்தது. ஊகத்தை விடுங்கோ, சமமாகப் பங்கிடுங்கோ என்று 2007இல் மாற்று எழுதிக் காட்டியவர் கொன் கொலிவாஸ், அவுஸ்திரேலியாவில் மயக்கமருந்து வைத்தியர். அந்த வருசமே 2.6.23 பதிப்பில் சேர்ந்தது இங்கோ மொல்நார் எழுதிய சி.எஃப்.எஸ்.; சமப் பங்கீடு என்ற யோசனை கொலிவாஸுடையது என்பதை மொல்நாரும் ஒப்புக்கொண்டார்.

சரி, எதுக்கும் எதுக்கும் இடையில் சமம்? மண்ணெண்ணெய் வரிசையை நினையுங்கோ. தலைக்கு ஒரு கான் என்றால், பத்துப்பேரை அனுப்புகிற வீட்டுக்குப் பத்துக் கான். குடும்ப அட்டைக்கு ஒரு கான் என்றால் எத்தனைபேர் நின்றாலும் ஒன்றுதான். 64 வேலையாகப் பிரித்து கேர்னலைக் கம்பைல் செய்கிறவர், பத்துப்பேரை அனுப்புகிற அந்த வீட்டுக்காரர்தான். பக்கத்தில் ஒரு வீடியோ ஓடினால் அது திக்கித் திணறும். அட்டைக் கணக்கு, அதாவது குழுவாகப் பங்கிடும் முறை, 2.6.24இல் வந்தது. அதில் பெரும்பங்கு ஐ.பி.எம். இந்தியாவில் வேலை செய்த ஸ்ரீவத்ஸ வட்டகிரியுடையது.

ஆனால் அட்டையை ஆர் எழுதுறது? 2010இல் மைக் கல்பிரெய்த் ஒரு சின்னத் திருத்தத்தை முன்வைத்தார்: ஒவ்வொரு டெர்மினல் அமர்வையும் கேர்னலே தனிக் குழுவாக்கிவிடும். லினஸ் டோர்வால்ட்ஸுக்கு அது நல்லாப் பிடித்துப்போனது. ரெட் ஹாட்டில் இருந்த லெனார்ட் பொட்டரிங் மறுத்தார். ஷெல் தொடக்கக் கோப்பில் நாலைந்து வரி எழுதினால் இதே பலன் கிடைக்கும், கேர்னல் ஏன் தலையிடவேணும் என்பது அவருடைய வாதம். வரிகள் உண்மையிலேயே வேலை செய்தன. அந்த வரிகளை எத்தனைபேர் எழுதுவார்கள் என்பதுதான் லினஸின் பக்கத்து நியாயம். திருத்தம் 2011இல் 2.6.38 பதிப்போடு வந்தது.

நெடுங்கேணியில் ஒரு பழைய மடிக்கணினியை மாறிமாறிப் பாவிக்கிற எங்களுக்கு லினஸின் கட்சிதான் உடன்பாடு. படிவம் நிரப்பத் தெரிந்தவருக்கு மட்டும் கிடைக்கிற உதவி எங்கட ஊருக்கு எவ்வளவு வந்து சேரும் எண்டு தெரியும்தானே.

அதுக்கு ஒரு விலையும் இருந்தது. இந்தத் தானியங்கிக் குழு முறை இயங்கும்போது நைஸ் எண் அந்த அமர்வுக்குள்ளே மட்டும்தான் செல்லுபடியாகும். ஒரு டெர்மினலில் கம்பைலுக்கு 19 கொடுத்து, பக்கத்து டெர்மினல் வேலைக்கு வழிவிட்டாச்சு என்று நினைத்தால் ஏமாற்றம்தான். கட்டளை ஏற்கப்படும், எண்ணும் மாறும், பங்கு மாறாது. மாகாணசபைக்குக் கொடுத்த அதிகாரம் மாதிரி.

பொட்டரிங்கும் தோற்கவில்லை. அவர் தொடங்கிய சிஸ்டம்டி இன்று பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் குழுக்களைத் தானே அமைக்கிறது. கேர்னலுக்கு வெளியே நடக்கிறதுதான், ஆனாலும் எங்களைக் கேட்டு நடக்கிறதில்லை. பயனர் பக்கம் வேற, பயனர் வேற.

2024 நவம்பரில் வந்த 6.12 பதிப்பு இன்னும் ஒரு கதவைத் திறந்தது. ரூட் அனுமதி உள்ளவர் தன் சொந்த ஷெட்யூலரை எழுதி, ஓடிக்கொண்டிருக்கும் கேர்னலுக்குள்ளேயே ஏற்றலாம். கலைக்கிற அதிகாரம் மட்டும் கேர்னலிடம்: ஒரு வேலை முறை வராமல் கூடிப்போனால் 30 செக்கன் காத்திருந்தால், ஏற்றினதை இறக்கிவிட்டுத் தன் பழைய ஷெட்யூலரைக் கொண்டுவந்துவிடும்.